நிமிராத தலை

ஜனவரி மாதத்தில் ஒரு நாள். மதிய உணவு முடிந்து அடுத்த பாடவேளைக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி என் மேசை அருகே வந்து நின்றாள். என்னோடு பத்தாம் வகுப்பு படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ பழைய குழுப் புகைப்படம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். கடைசி வரிசையில் நிற்பவன் யார் என்று ஆளுக்கொரு பெயர் சொல்லிக்கொண்டிருந்தோம். மாணவி ஏதோ சொன்னாள். "சரிம்மா, சரி" என்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் அவளுடைய தோழியிடம் விசாரித்தேன். "செங்கல் சூளைக்குப் போயிட்டாங்க சார். உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே போனா?" என்றாள்.

சொல்லியிருக்கிறாள். நானும் சரி என்றிருக்கிறேன். அன்றே காதில் வாங்கியிருந்தால் மாலையில் அவள் வீட்டுக்குப் போய்ப் பேசியிருக்கலாம். பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகச் சொல்லியிருக்கலாம்; குறைந்தது எந்த ஊர்ச் சூளை என்றாவது கேட்டு வைத்திருக்கலாம். அலைபேசி எண் மாறிப்போன ஒரு குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அங்குள்ள தலைமையாசிரியரிடம் பேசி, எமிஸ் எண்ணைக் கொடுத்து அந்தப் பள்ளியில் அவளைச் சேர்ப்பதற்குள் பதினெட்டு நாட்கள் ஆகிவிட்டன. இதில் வேடிக்கை, அதற்கு முந்தைய மாதம்தான் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், "பிள்ளைகள் கையில் போனைக் கொடுத்துக் கெடுக்காதீர்கள்" என்று பெற்றோருக்கு அரை மணி நேரம் அறிவுரை சொல்லியிருந்தேன்.

சமூக ஊடகம் என்றாலே மாணவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம். அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு, என் தலை ஏன் நிமிரவில்லை என்ற கேள்வியிலிருந்து தொடங்கலாம் என்று தோன்றியது.

பி.எட். படிப்பில் ஸ்கின்னரின் சோதனைகளை நாம் அனைவரும் தேர்வுக்காகப் படித்திருக்கிறோம். பொத்தானைக் கொத்தினால் புறாவுக்குத் தானியம் கிடைக்கும். ஒவ்வொரு கொத்துக்கும் கிடைத்தால், வயிறு நிறைந்ததும் புறா நிறுத்திவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாதபடி சில வேளை மட்டும் கிடைத்தால், விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். 'மாறும் விகித வலுவூட்டல்' என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதிய இந்தச் செய்திதான் இன்று நம் சட்டைப்பையில் இருக்கிறது. திரையைத் தள்ளும்போது வருவது நண்பரின் செய்தியாக இருக்கலாம், சிரிப்புக் காணொலியாக இருக்கலாம், ஒன்றுமில்லாததாகவும் இருக்கலாம். அந்த 'இருக்கலாம்'தான் நம்மைப் பிடித்து வைக்கிறது. என் சிறு வயதில் தபால்காரர் பதினொரு மணிக்கு வருவார். கடிதம் உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு மறுநாள் பதினொரு மணி வரை வாசலைப் பார்க்க வேண்டியதில்லை.

செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. கைபேசித் திரைக்கு அது இல்லாமல் போனது தற்செயலன்று. முடிவில்லாமல் உருளும் பக்கத்தை 2006இல் வடிவமைத்தவர்களில் ஒருவரான ஏசா ராஸ்கின், அதற்காகப் பின்னாளில் வெளிப்படையாக வருந்தியிருக்கிறார். 2009இல் ஃபேஸ்புக்கில் 'லைக்' பொத்தான் வந்தது. பிறர் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு ஓர் எண்ணிக்கையும் கிடைத்துவிட்டது. நம் ஊரைப் பொறுத்தவரை 2020ஆம் ஆண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கொரோனா ஊரடங்கில் வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, போன் வாங்கச் சொன்னவர்கள் நாம்தான். அதே ஜூன் மாதம் டிக்டாக் தடை செய்யப்பட்டது. ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. பாடத்துக்காக வாங்கிய போனில் பாடம் நின்றுபோனது, மற்றது நிற்கவில்லை.

கவனத்துக்கு என்ன ஆகிறது? கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க், அலுவலகப் பணியாளர்கள் ஒரு திரையில் எவ்வளவு நேரம் நிலைக்கிறார்கள் என்பதை நீண்ட காலமாக அளந்து வருகிறார். 2004இல் சராசரியாக இரண்டரை நிமிடம். அண்மை ஆண்டுகளில் சுமார் 47 நொடி. இவர்கள் வளர்ந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் வேறொன்றைக் காட்டினார். முடிக்காத ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது மனத்தின் ஒரு பகுதி பழைய இடத்திலேயே தங்கிவிடுகிறது. கவனத்தின் மிச்சம் என்று இதைச் சொல்லலாம். மணி அடித்ததும் போனைப் பையில் போட்டுவிட்டு வகுப்புக்குள் நுழையும் ஆசிரியரிடம் இந்த மிச்சம் இருக்கும். காலையில் ரீல்ஸ் பார்த்துவிட்டு வந்து நீண்ட பத்தியை வாசிக்கத் திணறும் மாணவனிடமும் இருக்கும். அவனைச் சோம்பேறி என்று நாம் சொல்லிவிடுகிறோம்.

மனநலம் பற்றிய செய்திகளில் கொஞ்சம் நிதானம் தேவை. பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. மூன்று செயலிகளுக்கும் நாளுக்குத் தலா பத்து நிமிடம் என்று மூன்று வாரம் குறைத்துக்கொண்டவர்களிடம் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. ஆனால் 2019இல் ஆமி ஓர்பென், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி இருவரும் லட்சக்கணக்கான வளரிளம் பருவத்தினரின் தரவுகளை ஆராய்ந்து, டிஜிட்டல் கருவிகளின் பயன்பாட்டுக்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பு மிகச் சிறியது என்றார்கள். மனநல வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 விழுக்காட்டை மட்டுமே அது விளக்குகிறதாம். எனவே போன்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று கூட்டங்களில் முழங்குவதை நான் நிறுத்திவிட்டேன். சராசரி வேறு, நம் முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளை வேறு. இரவு ஒரு மணி வரை விழித்திருந்து முதல் பாடவேளையில் தலை சாய்க்கும் மாணவனுக்குச் சராசரியால் பயனில்லை. தன் படத்துக்கு யாரும் இதயம் போடவில்லை என்று சாப்பிடாமல் இருந்த மாணவிக்கும் அப்படித்தான்.

எனக்கு மிகவும் உறைத்தது பழைய சோதனை ஒன்று. எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் 1970களில் செய்தது. ஒரு தாய் தன் கைக்குழந்தையுடன் கொஞ்சிப் பேசிக்கொண்டிருக்கிறார். பிறகு, சொல்லி வைத்தபடி, சில நிமிடம் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் குழந்தையையே பார்த்தபடி இருக்கிறார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, ஒலி எழுப்புகிறது. எதற்கும் பதில் இல்லை என்றானதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. தாய் எங்கும் போய்விடவில்லை, எதிரில்தான் இருக்கிறார். போனில் ஆழ்ந்த முகமும் ஏறக்குறைய அப்படித்தான். என் மேசை அருகே நின்ற மாணவி அழவில்லை, கோபிக்கவில்லை. கொஞ்சம் காத்திருந்தாள், திரும்பிப் போய்விட்டாள்.

எங்கள் பள்ளியில் இப்போது பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. வருகைப்பதிவு செயலியில்தான் என்பதால் போன் இல்லாமல் வகுப்புக்குப் போக முடியாது. பதிவு முடிந்ததும் என் போன் ஓய்வறை அலமாரிக்குப் போய்விடும். அவசரம் என்றால் அலுவலக எண்ணுக்கு அழைக்கச் சொல்லி வீட்டில் சொல்லியிருக்கிறேன். முதல் வாரம் கை அடிக்கடி சட்டைப்பைக்குப் போனது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் அவமானமாக இருந்தது.

கணக்கு ஆசிரியையுடன் சேர்ந்து மாணவர்களுக்கு ஒரு செயல்பாடு கொடுத்தோம். ஒரு மாலை, ஆறிலிருந்து எட்டு மணி வரை, வீட்டில் ஒவ்வொருவரும் எத்தனை முறை போனை எடுக்கிறார்கள் என்று கோடு போட்டு எண்ண வேண்டும், தன்னையும் சேர்த்து. மறுநாள் அதைப் பட்டை விளக்கப்படமாக வரைந்தார்கள். யாரையும் குறை சொல்லக் கூடாது, எண்ணிக்கை மட்டும் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டோம். இல்லாவிட்டால் வீட்டில் சண்டை வந்துவிடும். ஒரு மாணவனின் தாளில் நான்கு கோடுகள் மட்டும் இருந்தன. ஏன் என்று கேட்டேன். "எதுக்குடா என்னையே பார்த்துக்கிட்டு இருக்கேன்னு அப்பா போனை வச்சுட்டுக் கேட்டாரு சார். சொன்னேன். அப்புறம் பேசிக்கிட்டே இருந்தோம், எண்ண மறந்துட்டேன்" என்றான். கணக்கு ஆசிரியை அந்தத் தாளுக்கும் முழு மதிப்பெண் போட்டார்.

சூளைக்குப் போன மாணவி ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் வந்துவிட்டாள். இப்போது எட்டாம் வகுப்பு. அங்கே படித்த பள்ளியைப் பற்றி, சூளையில் பிறந்த நாய்க்குட்டிகளைப் பற்றி, பச்சைக் கல்லை நனைத்துக் கரைத்துவிட்ட கோடை மழையைப் பற்றி ஒரு நாள் இடைவேளையில் சொல்லத் தொடங்கினாள். பாதியில் மணி அடித்துவிட்டது. மீதியை மதியம் கேட்கிறேன் என்றேன். சாப்பிட்டு முடித்ததும் மேசை அருகே வந்து நின்றாள். பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னேன்.