முந்திரித் தோப்பும் உடைப்புக் கொட்டகையும்: வரிக் கணக்கில் கவனிக்க வேண்டியவை

கடலூர் ஜில்லா பண்ருட்டி தாலுகாவில், நெய்வேலி நகரியத்துக்கு அண்மையிலுள்ள முத்தாண்டிக்குப்பமும் அதனைச் சூழ்ந்த கிராமங்களும் செம்மண் மேட்டு நிலங்களாகும். முந்திரியும் பலாவும் அங்கே பிரதானமானவை. 1956ஆம் வருஷத்தில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் ஏற்பட்டது முதல், ஒரே குடும்பத்தில், சில வேளைகளில் ஒரே மனிதரிடத்தில், மூவகை வரும்படி சேருவது சாதாரணமாயிற்று. மாதச் சம்பளம் ஒன்று. தோப்பின் வெள்ளாமை ஒன்று. ஓய்வு வேளையில் கொட்டையை உடைத்துப் பருப்பாக்கி விற்பதால் வரும் லாபம் மற்றொன்று. இம்மூன்றையும் ஒரே பையில் போட்டு அதிலிருந்தே செலவிடுகிறவர்கள் அநேகர். சட்டமோ இவற்றை மூன்று விதமாகப் பார்க்கின்றது. கணக்கைக் கலந்து வைப்பவர் விலக்குப் பெற்ற வரும்படிக்கும் வரி செலுத்த நேரிடும். அல்லது வியாபார லாபத்தைத் தோப்பின் வரும்படியென்று காட்டிப் பின்னர் வட்டியும் அபராதமும் செலுத்த நேரிடும்.

பயிர்த்தொழில் வரும்படிக்கு வருமானவரி விலக்கு 1886ஆம் வருஷச் சட்டத்திலேயே உள்ளது. 1961ஆம் வருஷச் சட்டமும், 2026 ஏப்ரல் 1ந் தேதியை அமுல் தேதியாகக் கொண்ட 2025ஆம் வருஷச் சட்டமும் அதனைக் காத்துள்ளன. ஆயின் எது பயிர்த்தொழில்? நிலத்தின்மீது மனித உழைப்பு செலுத்தப்பட்டு, அதன் பயனாக விளைந்ததாயிருத்தல் வேண்டுமென உச்ச நீதிமன்றம் 1957இல், ராஜா பினய் குமார் சகஸ் ராய் வழக்கில் விளக்கியது. விளைந்ததைச் சந்தைக்குத் தகுதியாக்க உழவர் வழக்கமாகச் செய்யும் வேலையும் அதில் அடங்கும். ஆகவே கொட்டையைப் பொறுக்கி வெயிலில் உலர்த்தி மூட்டை கட்டுதல் வரை விவசாயமே. கொட்டை கொட்டையாகவே சந்தையில் விலை போகின்றமையால், வேகவைத்து ஓடு உடைத்துத் தோலுரித்துப் பருப்பாக்குவது வியாபாரமாகும். ஓடு உடையுமிடமே எல்லை.

தம் தோப்புக் கொட்டையையே தம் கொட்டகையில் உடைப்பவர் என் செய்வது? கொட்டையின் சந்தை மதிப்பைக் கொட்டகைக் கணக்கில் செலவாக எழுதி, எஞ்சிய லாபத்துக்கு மட்டும் வரி காட்டுதல் முறை. உதாரணத்துக்காக மட்டும் ஒரு கணக்கு வருமாறு. 80 கிலோ மூட்டை 10, ஆக 800 கிலோ, கிலோ ரூ.130 வீதம் மதிப்பு ரூ.1,04,000. நாலுக்கு ஒன்றென்று கொண்டால் பருப்பு 200 கிலோ, கிலோ ரூ.750 வீதம் விற்றது ரூ.1,50,000. கூலி, விறகு, மின்சாரம், பாக்கெட்டு ஆகியவை ரூ.26,000. வியாபார லாபம் ரூ.20,000 மாத்திரமே. ரூ.1,04,000 தோப்பினுடையது, உரம், மருந்து, பொறுக்குக் கூலி முதலியவை அதில் கழியும், கொட்டகையில் கழியா. இக்கணக்கை எழுதாதவர் ரூ.1,24,000ஐயும் லாபமென்று ஒப்புக்கொண்டவராவார். மதிப்பிடுவதில் ஒரு நாள் விலை போதாது. அவ்வருஷத்தில் கொட்டை விற்ற விலைகளின் சராசரியையே விதி கேட்கின்றது. ஆதலின் மாசி முதல் வைகாசி வரை சந்தை விலையை வாரந்தோறும் ஒரு நோட்டில் குறித்து வைத்தல் அவசியம்.

வரி வருஷம் மார்ச்சு 31இல் முடிகின்றது. முந்திரி அறுவடையோ அப்பொழுதுதான் நடுவில் நிற்கும். அன்று மாலை களத்தில் காயும் கொட்டை எத்தனை மூட்டை, கொட்டகையில் உடைபடாதது எத்தனை, பருப்பு எத்தனை டின் என்று எண்ணி எழுதாவிடில், இவ்வருஷச் செலவும் அடுத்த வருஷ வரவும் ஒன்றோடொன்று ஒவ்வா. இதற்கு ஒரு மணி நேரமே பிடிக்கும். செய்பவர்கள் மிகச் சிலரே.

பிறரிடம் வாங்கி உடைக்கும் கொட்டைக்கு விலக்கு ஏதுமில்லை. ஒரு பருவத்துக்கு மரத்திலுள்ள மகசூலை மட்டும் விலைபேசி எடுப்பவரும் சாகுபடி செய்தவராகார். அவர் லாபம் வியாபார லாபமே. கிராம நிர்வாக அலுவலர்கள் அடங்கலில் பயிரையும் உண்மைச் சாகுபடிதாரரையும் சரிவரப் பதிதல் இவ்விஷயத்தில் பெரிதும் உதவும்.

சாகுபடிக்கென இலவசமாக அளிக்கப்பட்ட மின் இணைப்பிலிருந்து உடைப்பு இயந்திரத்தை ஓட்டுதல் ஆகாது. ஒரே நாளில் ஒருவருக்கு ரூ.10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த வியாபாரச் செலவு கணக்கில் ஏற்கப்படுவதில்லை. விளைவித்த உழவருக்கே கொடுத்த கொட்டை விலைக்கு 1962ஆம் வருஷ விதிகள் விலக்களித்தன. இடைத்தரகருக்குக் கொடுத்ததற்கு அவ்விலக்கு இல்லை. சரக்கு மற்றும் சேவை வரியில், ஓடு நீக்காத கொட்டையை உழவரிடம் வாங்கும் பதிவு பெற்ற வணிகரே வரியைச் செலுத்தக் கடமைப்பட்டவர். உழவரிடம் அதைப் பிடித்துக்கொள்ள முயல்வாரேல் மறுக்கலாம்.

விற்றுமுதல் ரூ.2 கோடிக்கு உட்பட்ட சிறு வியாபாரி விரிவான கணக்கின்றி, விற்றதில் 100க்கு 8 பங்கு, வங்கி வழி வந்த தொகையில் 6 பங்கு, லாபமென ஒப்புக்கொள்ளலாம். அதன்பின் வேறு செலவு கழிக்க இயலாது. தம் கொட்டையையே பெரும்பாலும் உடைப்பவருக்கு இம்முறையினும் நோட்டுக் கணக்கே தெளிவானது.

தோப்பின் வரும்படிக்கு வரியில்லையெனினும் அதனை மறைத்தல் கூடாது. 1973 முதல், மற்ற வரும்படி விலக்கு வரம்பைத் தாண்டியவர்க்கு ரூ.5,000க்கு மேற்பட்ட விவசாய நிகர வரும்படி விகிதத்தை நிர்ணயிக்க மாத்திரம் சேர்க்கப்படுகின்றது. தோப்பு நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவும் இயலாது. 2011 டிசம்பர் 30இல் வீசிய தானே புயலில் மரங்களை இழந்தவர்க்கும் இதுவே நிலை.

சம்பளத்தில் பிடிக்கும் வரி சம்பளத்துக்கு மாத்திரமே என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். பிடித்தம் போக நிற்கும் வரி ரூ.10,000 அல்லது அதற்கு மேலாயின் முன்கூட்டியே செலுத்துதல் வேண்டும்: ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச்சு மாதங்களில் 15ந் தேதிக்குள், மேற்கூறிய 8 பங்கு முறையினர்க்கு மார்ச்சு 15க்குள் ஒரே தவணை. சர்க்கார் உத்தியோகஸ்தரும் பொதுத்துறை ஊழியரும் கொட்டகை தொடங்குமுன் தத்தம் நடத்தை விதிகளின்படி முன் அனுமதி பெறுதல் வேண்டும். அவ்வுத்தரவின் நகலையும் கணக்கு நோட்டுடன் வைத்திருத்தல் நலம்.