திண்மப் பிரிகை (மருந்தியல்)

திண்மப் பிரிகை என்பது நீரில் எளிதில் கரையாத மருந்தை, நீரில் கரையும் பலபடி போன்ற தாங்கிப் பொருளில் மிக நுண்ணிய அளவில் பரப்பி, அது கரைவதை மேம்படுத்தும் முறையாகும். வாய்வழி உட்கொள்ளும் மருந்து குடல்நீரில் கரைந்தால்தான் இரத்தத்தில் சேரும். 1961-இல் செக்கிகுச்சி, ஓபி ஆகியோர் சல்ஃபாதயசோலை யூரியாவுடன் சேர்த்து உருக்கி இம்முறைக்கு வழிகாட்டினர்.

செயல்படும் விதம்

படிகத்தில் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டு இறுகப் பிணைந்திருக்கும். படிகவடிவமற்ற நிலையில் இவ்வொழுங்கு இல்லாததால் மருந்து எளிதில் கரைகிறது. ஆனால் ஈரமும் வெப்பமும் பட்டால் அது மீண்டும் படிகமாகக்கூடும். பலபடி, மூலக்கூறுகளின் நகர்வைக் கட்டுப்படுத்தி இதைத் தாமதப்படுத்துகிறது.

எடுத்துக்காட்டு

எச்.ஐ.வி. மருந்தான ரிட்டோனவிர் 1996-இல் விற்பனைக்கு வந்தது. 1998-இல் அதன் உறைமாத்திரைகளில் கரைதிறன் குறைந்த புதிய படிக வடிவம் தோன்றியதால் அவை திரும்பப் பெறப்பட்டன. நோயாளிகள் சுவைக்கச் சகிக்காத திரவ மருந்துக்கு மாற நேர்ந்தது. பின்னர் வந்த மென்னுறை மாத்திரைகளைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டியிருந்தது. லோபினாவிருடன் சேர்த்து, பலபடியோடு உருக்கிப் பிழிந்து தயாரிக்கப்பட்ட திண்மப் பிரிகை மாத்திரைக்கு 2005-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. இதற்குக் குளிர்பதனம் தேவையில்லை. எனவே மின்வசதி குறைந்த வெப்பநாடுகளிலும் இம்மருந்தைச் சேமித்து வைப்பது எளிதாயிற்று.