பழைய பைக்கை இறக்கத்தில் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்

கொஸ்லந்தப் பக்கம் பழைய ஹொண்டா ஒன்றை வாங்கப் போகிறவர் முதலில் டேங்கைத் தடவிப் பார்க்கிறார். பிறகு பெரகல பக்கமாக ஏற்றத்தில் ஒருமுறை முறுக்கிப் பார்க்கிறார். இரண்டிலும் வண்டி தேறிவிடும். டேங்குக்குப் பெயின்ட் அடிக்க ஒருநாள் போதும். ஏற்றத்தில் இழுக்காத வண்டியை விற்பவர் வெளியே எடுக்கவேமாட்டார். எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்வது எதிர்ப்பக்கம், வெல்லவாயவை நோக்கி இறங்கும் ரோடு.

பழைய பைக்குக்கு இவ்வளவு மவுசு வந்ததற்கு ரசனை மட்டும் காரணமல்ல. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022இன் எரிபொருள் நெருக்கடி வேறு. கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீட்டர் என்று அளந்து கொடுத்தார்கள். லயத்துக்குப் பின்னால் தகரத்தின் கீழ் கிடந்த வண்டிகளுக்கெல்லாம் அந்த நாட்களில் மறுவாழ்வு கிடைத்தது. வட்ட ஹெட்லைட், தட்டையான சீட், குட்டையான மட்கார்ட் என்று ‘கஃபே ரேசர்’ மோகமும் சேர்ந்துகொண்டது. புதிதாக ரெட்ரோ தோற்றத்தில் ரோயல் என்ஃபீல்ட் வாங்க வசதியில்லாதவர், நிஜமாகவே பழையதை வாங்கி ரெட்ரோ ஆக்குகிறார்.

அதில் முதலிடம் ஹொண்டா சி.டி. வரிசைக்கு. சி.டி. 125இன் கொள்ளளவு 124 சிசி, சி.டி. 200 ரோட்மாஸ்டருடையது 194 சிசி. இரண்டிலும் அருகருகே இரண்டு சிலிண்டர்கள். இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக மேலே போய் ஒன்றாகக் கீழே வருகின்றன; ஆனால் தீப்பொறி மாறிமாறி விழுகிறது. அதனால் இரண்டு சிலிண்டரும் சம இடைவெளியில் காற்றை இழுக்கும். ஒரே கார்ப்ரேட்டர் இரண்டுக்கும் போதுமாகிவிடுகிறது. அந்தச் சீரான ‘தட தட’ சத்தத்துக்கும் இதுதான் காரணம்.

இனி மலைக்கு வருவோம். அப்புத்தளை கடல்மட்டத்திலிருந்து 1431 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெல்லவாய சுமார் 200 மீட்டரில். இந்த வித்தியாசத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 11 சதவீதம் குறைகிறது. கார்ப்ரேட்டருக்கு இது தெரியாது. காற்று வேகமாகப் போகும் குறுகிய குழாயில் அழுத்தம் குறையும்; அந்தக் குறைவுதான் ஜெட் வழியாகப் பெற்றோலை மேலே உறிஞ்சுகிறது. காற்று மெலிந்தால் உறிஞ்சும் பலமும் குறையும், ஆனால் காற்று குறைந்த அளவுக்குப் பெற்றோல் குறையாது. கணக்குப் போட்டால், அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் கலவை மாறுகிறது: வெல்லவாயவில் சரியாக வைத்த கார்ப்ரேட்டர், அப்புத்தளையில் ஏறத்தாழ 6 சதவீதம் பெற்றோல் கூடிய கலவையைத் தரும். பிளக் கறுக்கும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், செலவு கூடும்.

இங்கேதான் மொடிஃபை செய்கிறவர்கள் ஏமாறுகிறார்கள். கஃபே ரேசர் தோற்றத்துக்காக முதலில் கழற்றி எறிவது சீட்டுக்குக் கீழே இருக்கும் காற்றுப் பெட்டியை. அந்த இடத்தில் கூம்பு வடிவத்தில் ஒரு திறந்த ஃபில்டர். காற்றுப் பெட்டி தரும் தடையையும் கணக்கில் எடுத்தே தொழிற்சாலையில் ஜெட்டின் அளவைத் தீர்மானித்திருக்கிறார்கள். பெட்டி போனால் காற்று கூடிக் கலவை வரண்டுவிடும். ஆனால் பண்டாரவளையிலோ அப்புத்தளையிலோ வேலை செய்து அங்கேயே ஓட்டிப் பார்த்தால் வண்டி அருமையாக ஓடும்! உயரம் கூட்டிய பெற்றோலும் ஃபில்டர் கூட்டிய காற்றும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. அதே வண்டி வெல்லவாய வெயிலில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு திரும்பி ஏறும்போது, வரண்ட கலவையில் சிலிண்டர் அளவுக்கு மீறிச் சூடாகும். பிளக்கைக் கழற்றினால் செங்கல் நிறத்துக்குப் பதில் சுண்ணாம்பு வெள்ளை. மேலே பாராட்டு வாங்கிய அதே மெக்கானிக் பாஸுக்குக் கீழே திட்டு விழும்.

பழைய எளிய எஞ்சின் எவ்வளவு பொறுத்துக்கொள்ளும் என்பதற்கு யாழ்ப்பாணம் சாட்சி. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அங்கே எட்டாக்கனியானபோது, ஹொண்டா எம்.டி. 90 போன்ற சின்ன வண்டிகளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது முறை. பெற்றோலின் ஆவி மைனஸ் 40 பாகை செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றும். மண்ணெண்ணெய்க்கு 38 பாகைக்கு மேல் வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் அது ஆவியாகாது, சூடான எஞ்சினில் ஆகும். அழுத்த விகிதம் குறைந்த பழைய வடிவமைப்பு என்பதால் எஞ்சின் தட்டினாலும் உடையாமல் தாங்கியது. புகையும் கரியும், எஞ்சின் ஒயிலில் இறங்கி அதை நீர்த்துப்போகச் செய்த மண்ணெண்ணெயும் அதற்குக் கொடுத்த விலை. என்னைக் கேட்டால், இந்த மண்ணில் நடந்த மிகச் சிறந்த மொடிஃபிகேஷன் அதுதான். யாரும் அதை அழகுக்காகச் செய்யவில்லை.

மறுபடி நம் மலைக்கு வருவோம். அப்புத்தளையிலிருந்து வெல்லவாய வரை இறக்கம் சுமார் 1200 மீட்டர். வண்டியும் இரண்டு பேரும் சேர்ந்து 265 கிலோ என்றால், அந்த உயரத்தில் தேங்கியிருக்கும் ஆற்றல் 3 மெகாஜூலுக்குச் சற்று மேல். பத்து லீட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சம் பிரேக்குக்கோ எஞ்சினுக்கோ போயாக வேண்டும். சி.டி. வரிசைக்கு முன்னும் பின்னும் டிரம் பிரேக். தொடர்ந்து அழுத்தினால் டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகுகிறது, ஷூவின் பிசினும் பளபளத்து வழுக்குகிறது. லீவர் கைப்பிடியைத் தொடும், வண்டி நிற்காது. பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுபவர் அந்தச் சூடு முழுவதையும் டிரம்முக்கே கொடுக்கிறார். மிச்சமாவது ஒரு கோப்பைத் தேத்தண்ணி அளவுகூட இராது. மூன்றாவது கியரில் த்ரொட்டிலை மூடி இறங்கினால், மூடிய வால்வுக்கு எதிராக பிஸ்டன் காற்றை இழுக்கப் போராடும். அந்தப் போராட்டமே பிரேக். ஒயிலைப் பெற்றோலோடு கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு மட்டும் இந்த யோசனை ஆபத்து: த்ரொட்டில் மூடினால் பிஸ்டனுக்கு ஒயிலும் நின்றுவிடும். இடையிடையே திறந்துவிட வேண்டும்.

இறக்கத்தில் ஓட்டிப் பார்க்கச் சொன்னதும் இந்த மூடிய த்ரொட்டிலுக்காகத்தான். த்ரொட்டில் மூடியிருக்கும்போது சிலிண்டருக்குள் வெற்றிடம் பலமாக இருக்கும். வால்வ் கைட் தேய்ந்திருந்தால் மேலிருந்து ஒயிலை அந்த வெற்றிடம் உள்ளே இழுத்துவிடும். கொஞ்சத் தூரம் அப்படி இறங்கி, பிறகு சட்டென்று முறுக்குங்கள். பின்னால் வருகிற நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். நீலப் புகை ஒரு கொத்தாக வந்தால் வால்வ் கைட் போய்விட்டது. ஏற்றத்தில் விடாமல் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங். இரண்டாவதற்குச் செலவு அதிகம். வண்டி பார்க்கப் போனதும் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள்: நீங்கள் வருமுன்பே சூடாக்கி வைத்திருந்தால் குளிரில் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ கோளாறு. டேங்கில் சிறு காந்தத்தை வைத்து நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது தகரமல்ல, பட்டி.

வாங்கியபின் கை துறுதுறுக்கத்தான் செய்யும். பூணாகலை ரோட்டில் ஓட்டுகிறவருக்குப் பயன்படும் மாற்றம் ஒன்று உண்டு: முன் ஸ்ப்ரொக்கெட்டில் 15 பல் இருந்தால் 14க்கு மாற்றுங்கள். சக்கரத்துக்கு இழுவை 7 சதவீதம் கூடும், வேகம் அதே அளவு குறையும். எங்கள் வளைவுகளில் அந்த வேகம் யாருக்கு வேண்டும்? சி.டி.யின் முழு செயின் கவரைக் கழற்ற வேண்டாம். செயினை வெளியே காட்டினால் ஸ்டைல் என்கிறார்கள். தோட்டத்துக் கிறவல் தூசும் மூடுபனி ஈரமும் ஒயிலோடு சேர்ந்து அரைக்கும் சாந்தாகி, செயினையும் பல்லையும் சீக்கிரமே தின்றுவிடும். பிரேக் டிரம்மைத் திறந்தால் உள்ளே இருக்கும் தூசை வாயால் ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் அஸ்பெஸ்டஸ் இருந்திருக்கலாம். ஈரத் துணியால் துடையுங்கள்.

கடைசியாகப் பேப்பர். இலக்கத் தகட்டில் சிங்கள ‘ஸ்ரீ’ இருந்தால் வண்டியின் வயதுக்கு அது அத்தாட்சி. 1957இல் அந்த எழுத்தைக் கொண்டுவந்தபோது தமிழர்கள் அதன்மேல் தார் பூசினார்கள். மலையகத்திலும் அந்தப் போராட்டம் நடந்தது. இன்று அதே எழுத்தைக் காட்டிப் பெருமையாக விலை பேசுகிறார்கள், காலம் அப்படி. ஆனால் தகட்டைப் பார்த்து வண்டி வாங்க முடியாது. புக்கில் உள்ள எஞ்சின் இலக்கத்தையும் சேசி இலக்கத்தையும் வண்டியில் பொறித்ததோடு நீங்களே ஒப்பிடுங்கள். எஞ்சின் மாற்றியிருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்திருக்க வேண்டும். ‘ஓபன் பேப்பர்’ என்று நாலு கை மாறிய வண்டியில் முதல் உரிமையாளரைத் தேடி அலையப் போவது நீங்கள்தான். இலக்கம் ஒத்துப்போகாவிட்டால், விலை எவ்வளவு இறங்கினாலும் அந்த வண்டியை விட்டுவிட்டு வாருங்கள்.