மூளை அலைகளும் கவனமும்

மனத்தை அலைகடலுக்கு ஒப்பிடுதல் நம்மவர் வழக்கு. உவமை ஒருபுறமிருக்க, மூளையிலே மின்னலைகள் உண்மையாகவே எழுகின்றன. 1875 ஆம் ஆண்டில் றிச்சட் கேற்றன் என்னும் ஆங்கிலேயர் முயல், குரங்கு ஆகியவற்றின் மூளையில் மின்னோட்டத்தைக் கண்டார். யேர்மனியின் யேனா நகரில் உளநோய் மருத்துவராயிருந்த ஹன்ஸ் பேர்கர், 1924 இல் மனித மூளையின் அலைகளை முதன்முதற் பதிவுசெய்து, 1929 இல் அதனை வெளியிட்டார்.

கண்மூடி அமைதியாயிருப்பவரின் தலைப் பிற்பகுதியிற் செக்கனுக்கு 8 முதல் 13 வரையான அலைகள் ஒழுங்காக எழும். இவை அல்பா அலைகள் எனப்படும். கண்ணைத் திறந்ததும் இவை தணியும். ஒளி மட்டுமே இதற்குக் காரணமோவெனின், அன்று. கண்மூடியவாறே கடினமான கணக்கைச் செய்யினும் இவை குறைவதுண்டு. 1934 இல் கேம்பிரிச்சில் ஏட்றியன், மத்தியூஸ் என்போர் ஆராய்ந்தபோது, இருளிலே எதையேனும் காண முயல்வோரிடத்தும் இவை மறைந்தன. எனவே, கவனமும் முயற்சியும் அலைகளை மாற்றுகின்றன என்பது தெளிவு.

புலக்காட்சியின் நிலையும் இத்தகையதே. ஒருவர் கருத்தூன்றிக் கேட்டிருக்கையில் அரிதாக வரும் ஒலியொன்று, ஏறத்தாழ 300 மில்லிசெக்கனின் பின் மூளையில் ஒரு தனியலையை எழுப்பும். 1965 இல் அமெரிக்க ஆய்வாளர் இதனை வெளியிட்டனர். அவ்வொலியையே கருத்தின்றிக் கேட்பின் அவ்வலை பெரிதுங் குன்றும். ஆசிரியரின் குரல் வகுப்பிலுள்ள எல்லாச் செவிகளிலும் விழுகின்றது. எல்லா உள்ளங்களிலும் விழுவதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

இனி, நினைவு. ஆழ்ந்த உறக்கத்திற் செக்கனுக்கு நான்கிற்குங் குறைந்த பேரலைகள் எழுகின்றன. பகலிற் கற்றவை நினைவில் உறுதிப்படுதற்கு இவ்வுறக்கம் துணைசெய்கின்றது என்பது இக்கால ஆராய்ச்சியாளர் பலரின் முடிபு. பரீட்சைக்கு முன்னிரவு முழுதும் விழித்திருந்து படிக்கும் மாணவன், கற்றதை நிலைநிறுத்தும் வேளையையே இழக்கின்றான்.

எனினும், அலைகளே எண்ணங்கள் என மயங்குதல் கூடாது. திருவிழாவின் ஆரவாரத்தைத் தொலைவிலிருந்து கேட்போன் கூட்டத்தின் எழுச்சியை அறிவானேயன்றி, அங்கே ஒருவர் பேசுஞ் சொல்லை அறியான். தலையின்மேற் பொருத்திய மின்வாய்களும் எண்ணிறந்த நரம்புக் கலங்களின் கூட்டொலியையே பதிகின்றன. ஆதலின், இவ்வலைகளைக் கொண்டு மாணவரை மந்தரென்றும் மேதையரென்றும் பிரித்தல் தகாது. கவனத்தை ஈர்க்கும் போதனையும் போதிய உறக்கமுமே அவர்க்கு நாம் அளிக்கத்தக்கவை.