எஸ்.யூ.வி.யா, மின்சார செடானா? முதல் போடும் முன் ஒரு கணக்கு

வணிகப் பெருமக்கள் எந்தக் கார் வாங்குகிறார்கள் என்பது அவரவர் சொந்த விஷயம். அதில் தலையிடும் எண்ணம் நமக்கில்லை. ஆனால் அந்தக் காருக்கான பணம் கடை முதலிலிருந்து எடுக்கப்படும்போது அது வியாபார விஷயம் ஆகிவிடுகிறது.

திருப்பாதிரிப்புலியூரில் மளிகை மொத்த வியாபாரம் செய்துவரும் உறுப்பினர் ஒருவர் அண்மையில் நம்மிடம் யோசனை கேட்டு வந்தார். பத்தாண்டு ஓடிய டீசல் இன்னோவா ஒன்று அவரிடம் இருக்கிறது. மகன் ஐம்பது லட்சத்துக்கு மேல் போகும் டீசல் எஸ்.யூ.வி. ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். மருமகனோ மின்சாரத்தில் ஓடும் சொகுசு செடான்தான் இனி மரியாதை என்கிறார். இரண்டில் எது என்றாலும் கடையிலிருந்து 25 லட்சம் ரொக்கமாக எடுப்பது, மீதிக்குக் கடன் வாங்குவது என்பது வீட்டில் நடந்த ஏற்பாடு. "டீசல் செலவு மிச்சமாகும், அதிலேயே தவணையைக் கட்டிவிடலாம் என்கிறார்களே, உண்மையா?" என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. பண்ருட்டி முந்திரி வியாபாரிகள் முதல் சிதம்பரம் ஜவுளிக்கடைக்காரர்கள் வரை பலரும் இதே கேள்வியைக் கேட்டு வருவதால், அவருக்குப் போட்டுக் கொடுத்த கணக்கை இங்கே தருகிறோம்.

அவர் ஓட்டம் இதுதான். சிதம்பரம் மேல வீதியில் தம்பி நடத்தும் கடைக்கு வாரம் இருமுறை போய் வருகிறார். ஒரு நடைக்கு 90 கிலோமீட்டர். மாதம் இருமுறை சென்னை. போக வர சுமார் 370. எழுபத்தெட்டு வயதுத் தந்தையாரை மாதம் ஒருமுறை புதுச்சேரி ஜிப்மருக்கு அழைத்துச் செல்ல வேண்டும். எல்லாம் சேர்த்து மாதம் 1,500 கிலோமீட்டர், மின்கட்டணம் வரும் இரண்டு மாதத்துக்கு 3,000.

பெரிய டீசல் எஸ்.யூ.வி. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தால் 250 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தாலும் 23,000 ரூபாய். மின்சார செடான் ஒரு யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் ஓடும். சார்ஜ் ஏற்றும்போது ஏற்படும் சேதாரத்தையும் சேர்த்து 550 யூனிட் வேண்டும். இங்கே ஒரு விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குளிர்சாதன வசதியுள்ள வீட்டில் மீட்டர் ஏற்கெனவே மேல் படியில்தான் ஓடிக்கொண்டிருக்கும். 2024 ஜூலையில் வந்த கட்டண விகிதப்படி இரு மாதத்தில் 1,000 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு யூனிட்டுக்கும் 11 ரூபாய் 80 பைசா. அதன்படி 6,490 ரூபாய். மிச்சம் இரு மாதத்துக்கு 16,500, ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய்.

ஒரு லட்சம் நல்ல தொகைதான். ஆனால் 25 லட்சத்தைக் கடையை விட்டு வெளியே எடுத்தால் போவது என்ன? ரொக்கக் கொள்முதலுக்கு இரண்டு சதவீதம் கழிவு கிடைக்கிறது, பணம் மாதம் ஒருமுறை சுழல்கிறது என்று வைத்துக்கொண்டால் மாதம் 50,000, ஆண்டுக்கு ஆறு லட்சம். டீசல் மிச்சத்தில் தவணை கட்டலாம் என்ற பேச்சு இந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. மின்சார செடான் வாங்க வேறு நியாயங்கள் உண்டு. எரிபொருள் மிச்சம் மட்டும் நியாயமாகாது.

வரிக் கணக்கு

உண்மையான வித்தியாசம் வரியில் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கும் எஸ்.யூ.வி.களுக்கும் ஜி.எஸ்.டி. 40 சதவீதம். மின்சார வண்டிக்கு 2019 ஆகஸ்டிலிருந்தே ஐந்து சதவீதம்தான். வரிக்கு முந்திய விலை 40 லட்சம் என்றால் டீசல் வண்டி 56 லட்சம், மின்சார வண்டி 42 லட்சம். அடுத்து ஆயுட்கால சாலை வரி. 2023 நவம்பரில் தமிழகத்தில் உயர்த்தப்பட்டபோது 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு அது 20 சதவீதமாயிற்று. மின்சார வண்டிகளுக்கு மாநில அரசு முழு விலக்கை ஆணைக்கு மேல் ஆணையாக நீட்டித்து வந்திருக்கிறது. இத்தகைய விலக்குக்கு முடிவு தேதி உண்டு. பார்க்க வேண்டியது புக்கிங் தேதியை அல்ல, பதிவுத் தேதியை. எனவே முன்பணம் கட்டும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அன்றைய நிலையைக் கேட்டுக்கொள்வது நலம்.

(டீசல் வண்டியைப் புதுச்சேரியில் பதிவு செய்து வரியைக் குறைக்கும் பழக்கம் நம் பக்கத்தில் புதிதல்ல. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கேயே ஓடும் வண்டிக்கு இங்கே பதிவெண் மாற்ற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். சோதனையில் பிடிபட்டுக் கட்டியவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.)

விற்பனைப் பிரதிநிதிகள் இரண்டு தவறான யோசனைகளைச் சொல்லக்கூடும். "கடை பெயரில் பில் போடுங்கள், ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்" என்பது ஒன்று. ஓட்டுநர் உட்பட 13 பேருக்கு மேற்படாத பயணிகள் வண்டிக்கு உள்ளீட்டு வரி கிடையாது என்று ஜி.எஸ்.டி. சட்டம் 17(5) பிரிவு தடுத்திருக்கிறது. கார் வியாபாரி, வாடகைக் கார்காரர், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி போன்றோருக்குத்தான் விதிவிலக்கு. மளிகைக் கடைக்கு இல்லை. மற்றொன்று, மின்சார வண்டிக் கடன் வட்டியில் ஒன்றரை லட்சம் கழிக்கலாம் என்பது. அது 2019 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை அனுமதிக்கப்பட்ட கடன்களோடு நின்றுவிட்டது.

உண்மையில் கிடைக்கக்கூடியது தேய்மானம். சாதாரணக் காருக்கு 15 சதவீதம் என்றால், மின்சார வண்டிக்கு 40 சதவீதம் என்று வருமான வரி விதிகளில் இருந்து வந்திருக்கிறது. 50 லட்சம் வண்டிக்கு முதலாண்டில் ஏழரை லட்சத்துக்குப் பதில் 20 லட்சம் கழியும். ஆனால் மூன்று நிபந்தனைகள் உண்டு. உத்தேச வருமானத் திட்டத்தில் கணக்குக் காட்டுபவர்களுக்கு இது தனியாகக் கிடைக்காது. சொந்த உபயோகத்துக்கான பங்கைக் கழிக்க வேண்டும். நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் பாதிதான். வாங்கும் ஆண்டின் விகிதத்தை ஆடிட்டரிடம் உறுதி செய்துகொண்டு பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

இந்த வரிச் சலுகை செடானுக்கு மட்டும் உரியது அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். மின்சார எஸ்.யூ.வி.க்கும் அதே ஐந்து சதவீதம்தான். 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான மகிந்திரா எக்ஸ்.இ.வி. 9இ, 79 யூனிட் பேட்டரியோடு 30.50 லட்சம் என்று விலை அறிவிக்கப்பட்டது. பி.ஒய்.டி. சீல் செடான் 2024 மார்ச்சில் வந்தபோது அதன் ஆரம்ப விலையே 41 லட்சம், 82.5 யூனிட் பேட்டரி உள்ளது 45.55 லட்சம். பி.எம்.டபிள்யூ. ஐ4 2022-இல் 69.90 லட்சத்தில் வந்தது. புனே அருகே சாக்கனில் பூட்டப்படும் மெர்சிடிஸ் இ.க்யூ.எஸ். அதே ஆண்டில் ஒன்றரைக் கோடியைத் தாண்டியது. ஆக, மின்சாரம் என்ற அளவில் மட்டும் பார்த்தால் எஸ்.யூ.வி.தான் மலிவு.

பிறகு ஏன் செடான்?

நெடுஞ்சாலைதான் காரணம். கார் வேகமாகப் போகும்போது பேட்டரியில் பெரும்பகுதியைத் தின்பது எதிர்காற்று. வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகும். உயரமான, முகம் அகன்ற வண்டி அதிகக் காற்றைத் தள்ள வேண்டும். தாழ்ந்து வழுக்கிச் செல்லும் செடானுக்கு அந்தப் பாடு குறைவு. சீல் வண்டியின் காற்றுத்தடை எண் 0.219, இ.க்யூ.எஸ். வண்டிக்கு 0.20. ஒரே அளவு பேட்டரியில் செடான் யூனிட்டுக்கு ஆறு, ஆறரை ஓடும் இடத்தில் கனத்த எஸ்.யூ.வி. ஐந்தோடு நின்றுவிடுவது இதனால்தான்.

கம்பெனி விளம்பரத்தில் சொல்லும் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் நம்புங்கள் என்பது நமது யோசனை. 650 என்று சொன்னால் 430. கடலூர்காரர் சென்னை போய் அன்றே திரும்பிவிடலாம். சிதம்பரத்திலிருந்து போகிறவர் வழியில் ஒருமுறை சார்ஜ் போட்டே தீர வேண்டும். அவர் வழியிலுள்ள இரண்டு சார்ஜிங் நிலையங்களையாவது வாங்கும் முன்பே நேரில் போய், வேலை செய்கிறதா, எத்தனை வண்டி நிற்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது பின் இருக்கை. சொந்த டிரைவர் வைத்திருக்கும் வியாபாரி வாங்குவது உண்மையில் பின் இருக்கையைத்தான். பேட்டரி தரைக்கடியில் இருப்பதால் செடான் சாலையோடு ஒட்டிப் போகிறது; உயர வண்டியின் ஆட்டம் இல்லை, எஞ்சின் சத்தமும் இல்லை. ஆனால் அதே பேட்டரி தரையை உயர்த்திவிடுவதால் முழங்கால் மேலே தூக்கிக்கொண்டு, தொடைக்கு ஆதாரமின்றி உட்கார வேண்டியிருக்கும் வண்டிகளும் உண்டு. தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுவது முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம். ஷோரூமில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் இது தெரியாது. நமது உறுப்பினரிடம், தந்தையாரையே அழைத்துப் போய் ஒரு மணி நேரம் பின்னால் உட்கார வைத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னோம்.

மழையும் மேடும்

கடலூர் மாவட்டத்துக்காரர் செடான் வாங்குவதில் உள்ள பெரிய தயக்கம் தண்ணீர். அது நியாயமான தயக்கம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம்மை அடித்தபோது பல நாட்கள் மின்சாரம் இல்லாமல் கிடந்தோம். 2015 வெள்ளத்தையும் யாரும் மறக்கவில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறக்கப்பட்டு, தென்பெண்ணை கடலூரின் தாழ்வான பகுதிகளில் புகுந்தது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் சிதம்பரம் வட்டாரத்துக்கும் இது புதிதல்ல.

தரையிலிருந்து சீல் 145 மில்லிமீட்டர்தான் உயரம். ஐந்து பேர் ஏறினால் இன்னும் தாழும். ஊர் எல்லைகளில் போட்டிருக்கும் வேகத்தடைகளின் மேல் அடிவயிறு உரசினால், உரசுவது பேட்டரிப் பெட்டியின் காப்புத் தகடு. மின்சார கார் பேட்டரிகள் பெரும்பாலும் ஐ.பி. 67 என்ற காப்புத் தரத்தில் வருகின்றன. ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அந்தச் சோதனையின் பொருள். கெடிலம் கரை புரண்டு ராத்திரி முழுதும் வாசலில் நிற்கும் தண்ணீருக்கு அந்த உத்தரவாதம் இல்லை. மூழ்கிய வண்டியை ஸ்விட்ச் போட்டுப் பார்க்கவோ சார்ஜில் மாட்டவோ கூடாது. கயிறு கட்டி இழுக்காமல் சமதள லாரியில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். இன்சூரன்ஸில் பேட்டரிக்கான கூடுதல் பாதுகாப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள்; அந்தப் பிரீமியத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஸ்டெப்னி இருக்கிறதா என்றும் கேளுங்கள். பல மின்சார செடான்களில் பஞ்சர் ஒட்டும் பெட்டி மட்டுமே தருகிறார்கள். ராத்திரி பத்து மணிக்குப் புதுச்சத்திரத்தில் டயர் கிழிந்தால் அந்தப் பெட்டி உதவாது.

வீட்டில் 7 கிலோவாட் சார்ஜர் மாட்ட, முதலில் மின்வாரியத்தில் அனுமதிக்கப்பட்ட லோடை உயர்த்த மனு கொடுக்க வேண்டும். எர்த் சரியாக இருக்க வேண்டும். சார்ஜரைத் தரையோடு வைக்காமல், 2015-இல் தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேல் சுவரில் பொருத்துங்கள். காலியான 82 யூனிட் பேட்டரி நிறைய சுமார் 12 மணி நேரம் ஆகும். நெய்வேலிப் பக்கத்தில் இருந்துகொண்டு மின்சாரத்துக்கு இவ்வளவு ஏற்பாடு செய்வது வேடிக்கைதான்.

கம்பெனி நிலைக்குமா என்ற கேள்வியை நம் ஊர்க்காரர்கள் சரியாகவே கேட்கிறார்கள். 1985-இல் சென்னைப் புறநகரில் ஸ்டாண்டர்டு 2000 என்ற சொகுசு செடான் தயாரானது. இங்கிலாந்து ரோவர் காரின் உடம்பில் பழைய எஞ்சினைப் பூட்டியது. சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்றது. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையும் 2021-இல் அறிவித்துவிட்டு 2022-இல் கார் உற்பத்தியை நிறுத்தியது. பேட்டரிக்கு எட்டாண்டு உத்தரவாதம் என்று எழுதிக் கொடுப்பது எளிது. எட்டாவது ஆண்டில் சர்வீஸ் நிலையம் எங்கே இருக்கும் என்பதைப் பாருங்கள். நமக்கு அருகில் புதுச்சேரி, இல்லையேல் சென்னை. மறு விற்பனை விலையில் இன்றைக்கும் டீசல் எஸ்.யூ.வி.தான் முன்னே நிற்கிறது.

இத்தனையும் பார்த்தபின் நமது அபிப்பிராயம் இதுதான். வீட்டில் வேறொரு உயரமான வண்டி இருந்து, மேடான இடத்தில் சொந்தக் கொட்டகையும் இருந்து, ஓட்டம் பெரும்பாலும் நெடுஞ்சாலையில் இருப்பவர்கள் மின்சார செடானைத் தயங்காமல் எடுக்கலாம். ஒரே வண்டிதான் வைத்துக்கொள்ள முடியும் என்பவர்கள் இப்போதைக்கு உயரமான வண்டியோடு இருப்பதே புத்தி. அதில் மின்சார எஸ்.யூ.வி.யையும் யோசிக்கலாம்.

நமது உறுப்பினர் தந்தையாரை உட்கார வைத்து இரண்டு வண்டியையும் சிதம்பரம் வரை ஓட்டிப் பார்த்தார். எஸ்.யூ.வி.யில் ஏறுவது சுலபமாக இருந்தது. ஆனால் புவனகிரி தாண்டுவதற்குள் பெரியவருக்கு ஆட்டத்தில் தலை சுற்றியது. செடானில் இறங்கும்போது கை கொடுக்க வேண்டியிருந்தது, வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வந்தார். செடான் என்று முடிவாயிற்று. சிறிய பேட்டரி உள்ள, விலை குறைந்த வகையையே எடுக்கிறார். சென்னைப் பயணத்தில் வழியில் ஒருமுறை சார்ஜ் போடச் சம்மதம். கடையிலிருந்து எடுப்பது 25 லட்சமல்ல, பத்து லட்சம். இன்னோவாவை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கவில்லை. மழைக்காலத்துக்கு அது இருக்கட்டும் என்கிறார். டிசம்பரில் எடுத்தால் ஆண்டு முடிவுத் தள்ளுபடி உண்டு என்று டீலர் ஆசை காட்டினார். டிசம்பரில் எடுத்தால் தேய்மானம் பாதி, தலைக்கு மேல் மழை. ஏப்ரல் முதல் வாரத்தில் டெலிவரி தரும்படி எழுதிக் கொடுத்துவிட்டு, மின்வாரியத்தில் லோடு மனுவைப் போட்டிருக்கிறார்.