தோளில் கை வைத்து ஓட்டிய சாலை

தமிழக-கேரள எல்லையில் உள்ள சின்னாறு சோதனைச் சாவடியிலிருந்து எங்கள் மறையூருக்குச் சுமார் 16 கிலோமீட்டர். பெரும்பகுதி ஏற்றம். ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் ஊர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், அந்த ஏற்றத்தை மிதித்தே கடந்து வரும் சைக்கிள்காரர்களை அவ்வப்போது பார்க்கலாம். விடிந்ததும் உடுமலையில் புறப்பட்டவர்கள். முதலில் வந்து சேர்கிறவர் உடனே டீ சொல்வதில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, வந்த வழியையே பார்த்தபடி சாலையோரம் நிற்கிறார். ஒவ்வொருவராக வந்து அவரோடு நிற்கிறார்கள். கடைசி ஆள் வளைவில் தலைகாட்டியதும் எல்லோரும் கைதட்டுகிறார்கள். அதற்குப் பிறகுதான் டீ.

அந்தக் கைதட்டலைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோவையின் ஆலைச் சங்கு நினைவுக்கு வரும்.

என் சிறுவயதில் இந்த மலைப்பாதை சைக்கிளுக்கு எல்லைக்கோடு. அன்றைய சைக்கிள் இருபது கிலோ இரும்பு. கியர் என்ற பேச்சே கிடையாது. உடுமலையில் வாங்கிய சைக்கிள் பஸ் கூரையில் ஏறித்தான் மறையூருக்கு வரும். கரும்புக் காட்டு ஓரமாகச் சமமான இடத்தில் ஓட்டலாம். ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளுவோம். கால் எட்டாத வயதில் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுத்தான் நானும் பழகினேன். ஆனால் சைக்கிள் என்பது ஒரு ஊரையே சுமக்கும் வண்டி என்று தெரிந்துகொண்டது, எண்பதுகளின் தொடக்கத்தில் கோவைக்குப் போய் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்த பிறகுதான்.

ஷிப்ட் மாறும் நேரத்து அவிநாசி சாலையைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். சங்கு ஊதும். ஆலைக் கதவு திறக்கும். பஞ்சுத் துகள் ஒட்டிய தலைகளோடு நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் ஒரே நேரத்தில் சாலையில் இறங்கும். பீளமேடு, சிங்காநல்லூர், பாப்பநாயக்கன்பாளையம் என்று அவரவர் திசைக்குப் பிரியும்வரை அது மனிதர்கள் பேசிக்கொண்டே நகரும் ஆறு. லாரிக்காரர் தானாகவே வேகத்தைக் குறைப்பார். அத்தனை பேர் சேர்ந்து போகும்போது சாலை அவர்களுடையது.

அந்தக் கூட்டத்துக்கென்று எழுதாத விதிகள் சில இருந்தன. எதிர்க்காற்று அடித்தால் வயசுப்பையன் முன்னால் போவான். பெரியவர் அவன் பின்னால் ஒதுங்கி வருவார். களைத்தவரின் தோளில் பக்கத்து வண்டிக்காரர் கை வைத்துத் தள்ளிக்கொண்டே மிதிப்பார். இரவு ஷிப்ட் முடிந்தால் டைனமோ உள்ளவர் முன்னால். விளக்கு இல்லாதவர்கள் அந்த வெளிச்சத்தில் பின்னால். விளக்கில்லாமல் போலீஸ்காரரிடம் சிக்கினால் அபராதம், அல்லது வால்ட்யூபைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிடுவார். இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறவரைப் பார்த்து யாரும் பேசாமல் கடந்ததில்லை. "ஏனுங்கண்ணா, பங்சருங்களா? ஏறுங்க கேரியர்ல" என்பார்கள். அவரது சைக்கிளின் ஹேண்டில்பாரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அவரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, மூன்றாவது மைலில் உள்ள கடைவரை கொண்டுபோய் விடுவார்கள்.

பங்சர் கடை ஒரு சிறு சபை. கடைக்காரர் டயரின் ஓரத்தை நெம்பி ட்யூபை உருவுவார். காற்றடித்து, அழுக்குத் தண்ணீர் நிறைந்த இரும்புச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிக்கொண்டே போவார். குமிழி வரும் இடத்தில் விரலை வைத்துத் துடைத்து, உப்புத்தாளால் தேய்ப்பார். சொல்யூஷன் தடவி, ஊதி, காயவிட்டு, பேட்சை ஒட்டி, சின்னச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டுவார். மறுபடியும் தண்ணீரில் அமுக்கிப் பார்க்காமல் டயருக்குள் விடமாட்டார். அந்தக் கால்மணி நேரத்தில் போனஸ் பேச்சு, பெண் பார்த்த கதை, கிராமத்தில் மழை பெய்த செய்தி எல்லாம் கைமாறும். மாதக் கடைசியில் காசு இல்லை என்றால், "சம்பளத்துக்குக் குடுங்க" என்று அனுப்பிவிடுவார்.

சைக்கிள் வாங்க முடியாதவருக்கு வாடகைக் கடை இருந்தது. மட்கார்டில் கடைப் பெயரும் எண்ணும் எழுதிய வண்டி, மணிக் கணக்கில் கிடைக்கும். சொந்த வண்டிக்கு ஆண்டுதோறும் உள்ளாட்சியில் வரி கட்டி, தகர வில்லை வாங்கி மாட்ட வேண்டியிருந்தது. அரசு வரி வாங்கியது என்றால், அந்த வண்டிக்குச் சாலையில் ஒரு மதிப்பு இருந்தது என்று பொருள்.

சைக்கிள் பெண்களிடம் போனபோது அது இன்னும் பெரிய கதையானது. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணைநின்றார். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் சைக்கிளில் வந்தார்கள். கல்குவாரித் தொழிலாளியும் அங்கன்வாடி ஊழியரும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் வைத்த வண்டியையே எடுத்தார்கள். அந்தப் பாரில் குழந்தையை உட்காரவைக்க முடிந்தது. பிறகு தமிழக அரசு 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, 2005 முதல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவர்கள் அனைவருக்கும் விரிவாக்கியது.

ஆனால் அதே ஆண்டுகளில்தான் நகரச் சாலையிலிருந்து சைக்கிள் மறையத் தொடங்கியது. சென்னையின் போக்குவரத்து ஆய்வுகள் அதைத் தெளிவாகச் சொல்கின்றன. 1970-இல் அந்நகரத்தின் பயணங்களில் ஏறத்தாழ 20 விழுக்காடு சைக்கிளில் நடந்தன. 2008-இல் அது 6 விழுக்காடு. அதே காலத்தில் மோட்டார் இருசக்கர வாகனங்களின் பங்கு 2-லிருந்து 25 விழுக்காடாக ஏறியது. தவணையில் பைக் கிடைத்தது. ஆலைகள் பல மூடின. வீடு ஓரிடம், வேலை வேறிடம் என்று தூரம் நீண்டது. சாலையை அகலப்படுத்தினார்கள்; அகலமான ஒவ்வொரு அடியையும் வேகம் எடுத்துக்கொண்டது. 1951 முதல் சைக்கிள் செய்துவந்த அட்லஸ் நிறுவனம் தன் சாஹிபாபாத் தொழிற்சாலையில் உற்பத்தியை 2020 ஜூன் 3 அன்று நிறுத்தியது. அன்று உலக சைக்கிள் தினம்.

அதே 2020-இல்தான், ஊரடங்கு தளர்ந்த நாட்களில், பூட்டிக் கிடந்த சைக்கிள்களைப் பலர் துடைத்து வெளியே எடுத்தார்கள். அதற்கு முன்பே சென்னையில் 'வி ஆர் சென்னை சைக்கிளிங் குரூப்' போன்றவை பேட்டை பேட்டையாக ஆட்களைச் சேர்த்திருந்தன. 'சைக்கிளிங் யோகிஸ்' குழுவினர் பழைய கோயில்களையும் கட்டடங்களையும் தேடி மிதிக்கிறார்கள். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய 'பிரெவே' ஓட்டங்களுக்கும் தமிழ்நாட்டில் ஆள் உண்டு. டாக்டரும் டெலிவரிப் பையனும் ஒரே வரிசையில் போகிறார்கள். முன்னால் போகிறவர் பள்ளத்தைக் கையால் சுட்டுகிறார். அந்தச் சைகை கடைசி வண்டிவரை கைமாறிப் போகிறது. யாரும் தனியே விடுபடாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் கடைசியில் வருகிறார். நாற்பது வருடத்துக்கு முன் அவிநாசி சாலையில் பார்த்த அதே அக்கறையைத்தான் எங்கள் டீக்கடை வாசலில் மறுபடியும் பார்க்கிறேன். கியர் வந்ததால் மலை எல்லைக்கோடாக இல்லை. எனக்கு அதில் மனம் நிறைந்த மகிழ்ச்சி.

ஆனாலும் ஒரு குறை நெஞ்சை உறுத்துகிறது. அன்று சைக்கிளில் போனவர்கள் வேறு வழியில்லாமல் போனார்கள். அவர்களுக்கு ஒரு கூட்டம் இருந்தது. இன்று விரும்பி ஓட்டுகிறவருக்குக் கூட்டம் இருக்கிறது. வேறு வழியில்லாமல் ஓட்டுகிறவர் தனியாக இருக்கிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் விவசாயமும் வீட்டுத்தொழிலும் அல்லாத வேலைகளுக்குப் போகிறவர்களில் சுமார் 13 விழுக்காட்டினர் சைக்கிளில்தான் போனார்கள். இரவுக் காவலர், கட்டட வேலைக்கு வந்த வடமாநில இளைஞர், கேனைக் கட்டிக்கொண்டு டீ விற்கிறவர் ஆகியோர் அந்தக் கணக்கில் இருப்பவர்கள். அவர்கள் வண்டியில் விளக்கு இல்லை; பின்னால் ஒளி திருப்பும் சிவப்புக் கண்ணாடியும் உடைந்துபோயிருக்கும். டைனமோ வைத்து முன்னால் போக இன்று அவர்களுக்கு யாரும் இல்லை.

சைக்கிள் குழு நண்பர்களே, இந்த ஏற்றத்தை மிதித்து ஏறும் உங்கள் கால்களை வணங்குகிறேன். அடுத்த ஞாயிறு புறப்படும்போது பையில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் பத்து வைத்துக்கொள்ளுங்கள். வழியில் பார்க்கும் காவலரிடமும் டீக்காரரிடமும் "அண்ணா, கொஞ்சம் நில்லுங்க" என்று சொல்லி, அவர் வண்டியின் பின் மட்கார்டில் ஒட்டிவிடுங்கள். காற்று குறைந்திருந்தால் உங்கள் பம்பால் அடித்துக்கொடுங்கள். சைக்கிளுக்குத் தனிப்பாதை கேட்டு மாநகராட்சிக்கு மனு எழுதும்போது, அவர் வேலைக்குப் போகும் சாலையை முதலில் எழுதுங்கள். கடைசி ஆள் வந்து சேரும்வரை காத்திருப்பது உங்கள் வழக்கம். அந்தக் கடைசி ஆள் அவர்தான்.