சீட்டை ஒரு விரற்கடை ஏற்றிப் பாருங்கள்!

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கடக்வாஸ்லா அணைப்பக்கம் வந்து நில்லுங்கள், கொண்டாட்டம்தான்! சிங்கட் கோட்டை மலையேறப் புனேயிலிருந்து கிளம்பிய சைக்கிள்காரர்கள் சர்ரென்று பறக்கிறார்கள். ஏரிக்கரையில் தேசிய பாதுகாப்பு அகாதமி. அங்கே பயிற்சி மாணவர்கள் வகுப்புக்கும் மைதானத்துக்கும் அணி அணியாகச் சைக்கிளில்தான் போவார்கள். இத்தனை சைக்கிளையும் விட்டுவிட்டு என் கண் முழங்கால்களையே துரத்துகிறது!

சைக்கிள் வடிவமைப்பவரின் முதல் ரகசியமே அங்கேதான் இருக்கிறது. உடம்பு வண்டியைத் தொடுவது மூன்றே இடம்: சீட், பெடல், ஹேண்டில்பார். இவற்றுக்கு இடையிலுள்ள தூரத்தை வைத்துத்தான் எந்தத் தசை உழைக்கும், எது தப்பிக்கும் என்பது முடிவாகிறது. பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருக்க வேண்டும். சீட் தாழ்ந்துபோனால் முன்தொடை திகுதிகுவென எரியும். உயர்ந்துபோனால் இடுப்பு ஆடி ஆடி, பின்தொடை இழுபடும். ஹாம்லி, தாமஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1967-இல் ஒரு கணக்கே சொல்லிவிட்டார்கள்: கவட்டிலிருந்து தரைவரை அளந்து, அதன் 109 சதவீதம்தான் அடியிலிருக்கும் பெடலிலிருந்து சீட்டின் உச்சிவரை இருக்க வேண்டிய உயரம். கால் 80 செ.மீ. என்றால் 87 செ.மீ. டேப் ஒன்று போதும்! டேப்பும் இல்லையா? அடியிலிருக்கும் பெடலில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீண்டால் உயரம் ஏறக்குறைய சரி.

அப்பாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் அடித்த தலைமுறை நாம். பாருக்கு அடியில் காலை நுழைத்து, உடம்பைக் கோணி, வண்டிக்கு ஏற்றபடி வளைந்துகொடுத்தவர்கள். நமக்கேற்றபடி வண்டியை வளைக்கலாம் என்று கேட்கவே எனக்குப் புல்லரிக்கிறது.

வளைத்தும் காட்டினார் ஒருவர்! பிரான்சில் சார்ல் மோஷே என்பவர், சாய்ந்து உட்கார்ந்து காலை முன்னே நீட்டி மிதிக்கும் சைக்கிளைச் செய்தார். முதுகுக்குச் சாய்மானம் உண்டு. மணிக்கட்டில் பாரமில்லை, கழுத்தை நிமிர்த்திப் பிடிக்கும் வேலையில்லை, எதிர்காற்றுக்கும் உடம்பு குறைவாகவே அகப்படும். 1933-இல் பிரான்சிஸ் ஃபோர் என்ற வீரர் அதில் ஏறி ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. ஓட்டி, 1914 முதல் நின்ற 44.247 கி.மீ. சாதனையை முறியடித்தார். முன்னணி வீரர்கூட இல்லை அவர்! மறு ஆண்டே உலக சைக்கிள் சங்கம் அவ்வகை வண்டியைப் பந்தயங்களிலிருந்து விலக்கிவிட்டது. அந்தக் கதவு இன்றுவரை திறக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.